சண்டை அண்ணாச்சியும் அப்பாவின் மிளகும்

ஐரோப்பாவில் எந்த ராஜா எந்த ராஜாவை முறைத்தாலும், அதனால் முதலில் சோறு இறங்காமல் தவித்தவர் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் இருந்த ஒரு மிளகுத் தரகர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பெயர் யாருக்கும் தெரியாது. சண்டை அண்ணாச்சி, அவ்வளவுதான். ஆயுசில் யாரோடும் சண்டை போட்டவர் அல்ல. கண்ணில் பட்டவரையெல்லாம் “சண்டை வருமா வே?” என்று கேட்பார்; அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வக்கீலிடம் கேட்டிருக்கிறார், வண்டிக்காரரிடம் கேட்டிருக்கிறார். ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளையிடமும் கேட்டு, பெண் வீட்டாரைக் கதிகலங்க வைத்தார்.

அவருக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. “எங்கியோ ஒருத்தன் மேசையத் தட்டுதான். இங்க நம்ம சாக்குல கெடக்க நல்லமொளகுக்கு அது எப்படி வே தெரியுது?”

“சண்டை வந்தா கப்பல் வராதுல்லா, அண்ணாச்சி” என்பேன். காலேஜ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அப்பாவின் மிளகுக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

“இன்னும் ஒரு கப்பலும் நிக்கல்லியே. பின்ன வெல எதுக்கு இன்னைக்கே விழணும்?”

சாயங்காலமானால் அண்ணாச்சி வலியதுறைக் கடற்கரைக்கு நடந்துபோய்க் கடலை உற்றுப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்து, “கடல் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மறுநாள் மிளகு விலை கொஞ்சம் ஏறியது. அவருக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று தெருவே நம்பியது. நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரம் பேசுவார்கள். விலை அந்த இருவருக்கு மட்டும் தெரியும். யார் கை யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மட்டும் எல்லோரும் பார்க்கலாம், பார்க்கவும் செய்வார்கள்.

கடைசியில் ஐரோப்பாவில் சண்டை வந்தேவிட்டது. மிளகை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அக்காவுக்கு ஐப்பசியில் கல்யாணம். அதற்கென்று சேர்த்ததையெல்லாம் அப்பா மிளகாக வாங்கி அடுக்கியிருந்தார். அது விற்காவிட்டால் கல்யாணம் நின்றுபோகும். அப்பா மூட்டைமேல் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை அண்ணாச்சி வந்தார். பாவம், இத்தனை வருஷமாகக் கேட்டுவந்த கேள்வி கையைவிட்டுப் போய், கேட்க வேறொன்றும் இல்லாமல் நின்றார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். துண்டை விரித்துப் போட்டு அப்பாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவே இல்லை.

எதிர்க்கடையில் தராசு நின்றது.

“அண்ணாச்சி நல்லமொளகு எடுக்காரு வே.”

“இந்த நேரத்திலயா? வட்டாயிட்டோ அவருக்கு, கிறுக்கு புடிச்சிட்டா?”

“வட்டொண்ணும் இல்ல. கப்பல் வெவரம் ஏதும் கிட்டியிருக்கும்.”

அவ்வளவுதான். ஒருவர் வந்தார், பின்னாலேயே இன்னொருவர், அப்புறம் ஒரு துண்டுக் கூட்டமே எங்கள் வாசலில். மத்தியானத்துக்குள் மிளகு முழுவதும் போட்ட முதலுக்குக் குறையாமல் விற்றுப்போயிற்று. வாங்கியவர்களும் மோசம் போகவில்லை. பிறகு நிஜமாகவே ஒரு கப்பல் வந்து நின்று, விலை ஏறியது. “கொஞ்சம் பொறுத்திருக்கப்படாதா?” என்று அண்ணாச்சியே அப்பாவைத் திட்டினார்.

கல்யாணப் பந்தியில் போளியைப் பால்பாயசத்தில் பிசைந்துகொண்டிருந்தவரிடம் அப்பா குனிந்து கேட்டார்: “அண்ணாச்சி, அன்னைக்கு ஒரு விரலக்கூட அமுக்கல்லியே நீங்க. கப்பல் வருமுன்னு தெரிஞ்சுதான் பிடிச்சியளா?”

“எனக்கு என்ன தெரியும் தம்பி? ஒனக்குக் கை நடுங்கிச்சு. நாலுபேரு காணாண்டாம்னு துண்டப் போட்டேன்.”

அப்பா என் கையிலிருந்த போளித் தாம்பாளத்தை வாங்கி, அப்படியே அண்ணாச்சியின் இலை முன்னால் வைத்துவிட்டார். அந்தப் பந்தியில் மற்றவர்களுக்குப் போளி கிடைக்கவில்லை. பரிமாறியவன் என்ற முறையில் வசவெல்லாம் எனக்குத்தான் விழுந்தது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.