கிராம் அண்ணனும் சீனத்துச் சில்லும்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஆக அதிகமான பாரத்தைத் தூக்கிய மனிதரும், பாரம் என்ற சொல்லுக்கே ஆக அதிகமாகப் பயந்த மனிதரும் ஒரே ஆள்தான். கிராம் அண்ணன். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் மட்டும்தான் தெரியும்.

தொழில் கிரேன் ஓட்டுவது. காலையில் மேலே ஏறி உட்கார்ந்தாரென்றால் இரும்பு, சீமெந்து, இயந்திரம் என்று ஒரு சின்ன மலையையே கப்பலிலிருந்து கரைக்கு இறக்கிவிட்டுத்தான் கீழே வருவார். வந்ததும் தோள்பையிலிருந்து ஒரு மின்தராசை எடுப்பார். கேக் செய்கிறவர்கள் மா நிறுக்கும் தராசு. அதில் தன் சைக்கிளின் ஆணி ஒன்றை வைத்து, "தம்பி, இஞ்ச பாருங்கோ, ஏழு கிராம். இதையே டைட்டேனியத்தில போட்டால் நாலு. மூண்டு கிராம் மிச்சம்!" என்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் மகளுக்கு நல்ல சம்பந்தம் அமைந்தது போலிருக்கும்.

அவர் நிறுக்காத பொருள் இல்லை. சைக்கிள் ஓடும்போது முகத்தில் வீணாகத் தூக்கிக்கொண்டு போகிறோமோ என்ற சந்தேகத்தில் ஒரு நாள் ஒரு பக்க மீசையை வழித்துத் தராசுத் தட்டில் வைத்தார். தராசு பூச்சியம் காட்டியது. "பிரயோசனமில்லை" என்று சொல்லி மற்றப் பக்கத்தை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டெல்லா அக்கா சவரக்கத்தியோடு பாலையூற்றுச் சந்திவரை துரத்திக்கொண்டு வந்தா. கலியாண மோதிரத்தையும் ஒருமுறை கழற்றி வைத்துப் பார்த்தார். நாலு கிராம். "மோதிரத்தைக் கழட்டினால் அண்டைக்குக் குசினியும் பூட்டு" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் அறிவித்தல் வந்தது. மோதிரம் திரும்பவும் விரலுக்கு ஏறியது.

இத்தனைக்கும் காரணமான சைக்கிள், பாய்மரப் படகில் உலகம் சுற்றிவந்த ஒரு பிரெஞ்சுக் கிழவருடையது. துறைமுகத்தில் மூன்று மாதம் கிடந்தவர், போகும்போது அதை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். பந்தயத்துக்கு ஓடுகிற சாதிச் சைக்கிள். உடம்பு இறகு மாதிரி. சக்கரச் சில்லு இரண்டும்தான் பாரம்.

"கார்பன் சில்லு போட்டால் பறக்கும் தம்பி" என்று ஒரு நாள் மத்தியானம் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சுங்கப் பத்திரம் நிரப்புகிறவன். அதனால் உலக வர்த்தகம் முழுவதும் என் மேசை லாச்சிக்குள் இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம்.

"பேர்போன கம்பெனிச் சில்லெண்டால் விலை கூடவெல்லோ அண்ணன்?"

"அதை ஆர் வாங்கப் போறது? சீனாவில ஒரு ஃபாக்டரி நேரா விக்குது. சாமான் நல்லம், பேர்தான் இல்லை. பேர் எண்டால் என்ன, ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்குக் காசும் குடுத்து, அதின்ர பாரத்தையும் நான் மிதிக்க வேணுமே?"

கணினியைத் திறந்து அந்த ஃபாக்டரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

தொழிற்சாலையில் எங்களுக்கு வாய்த்தவள் லூசி. வெளிநாட்டாருக்காக வைத்துக்கொண்ட பெயராம். நான் அவசரத்தில் கீழே "கிராம்" என்றே எழுதிவிட்டதால் அவளுக்கு அண்ணன் எப்போதும் "அன்புள்ள திரு கிராம்" ஆகிவிட்டார். அந்தப் பிள்ளையின் பொறுமைக்குத் துறைமுக வாசலில் சிலை வைக்கலாம். அண்ணன் சில்லின் றிம்மைத் தராசில் வைத்துப் படம் கேட்டார். அனுப்பினாள். தராசு சரியான தராசா என்று கேட்டார். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்துப் படம் அனுப்பினாள். வெறும் போத்தலின் பாரம் எவ்வளவு என்று கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் போத்தலையும் வைத்து அனுப்பினாள்.

எல்லாம் பேசி முடிந்து, ஸ்டிக்கர் வேண்டாம் என்பதையும் இரண்டு தரம் எழுதிய பிறகு லூசி ஒரேயொரு கேள்வி கேட்டாள். "ஓட்டுபவரின் உடல் எடை?"

கிராம் அண்ணன் சுவரைப் பார்த்தார். வண்டியில் இருக்கும் எல்லா ஆணியையும் நிறுத்த மனிதர், அதன் மேலே ஏறி இருக்கும் சாமானை மட்டும் நிறுக்கவில்லை.

முதலில் துறைமுகத்து எடைப்பாலத்தில் ஏறி நின்றார். லொறி நிறுக்கிற பாலம். அது பூச்சியம் காட்டியது. அந்த விடை அவருக்குப் பிடித்திருந்தது. நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூரை மீன் நிறுக்கும் பெரிய தராசில் ஏற்றி நிறுத்தியதும் ஏலம் கூறுகிறவர் பழக்கதோஷத்தில் உரத்துக் கத்திவிட்டார். "தொண்ணூத்தி நாலு! ஆருக்கு வேணும்?"

"தலையையும் குடலையும் கழிச்சால் எவ்வளவு வரும்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பினோம். வந்ததும் மெல்லச் சொன்னார். "எழுவத்தெட்டு எண்டு போடுங்கோ."

போட்டேன். அனுப்புகிற பொத்தானில் விரல் வைக்கும்போது அவர் யன்னலால் தன் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழியுங்கோ தம்பி."

"ஏன் அண்ணன்?"

"கிரேனில எவ்வளவு தூக்கலாம் எண்டு பெரிசா எழுதி இருக்கு. இவ்வளவு வருசத்தில அதுக்கு மேல ஒருக்காலும் தூக்கினனான் இல்லை. கீழ நிண்டு கத்துவாங்கள், ஏசுவாங்கள். தூக்கேல்லை. இப்ப என்ர பாரத்துக்கு நானே பொய் சொல்ல ஏலாது. தொண்ணூத்தி நாலு எண்டு எழுதுங்கோ."

லூசியின் பதில் உடனே வந்தது. அந்தச் சில்லு எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்காது. திரு கிராம் அவர்களுக்குக் கூடுதல் கம்பிகள் உள்ள வேறு சில்லு உண்டு. இருநூறு கிராம்தான் அதிகம்.

அண்ணன் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். "இருநூறோ! தம்பி, அது மூண்டரைக் கோழிமுட்டை!"

வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எனக்கெண்டு சொன்ன சில்லை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம் எண்டு எழுதுங்கோ. நான் குறைஞ்சுபோட்டு வாறன்" என்றார்.

லூசி ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனை மட்டும். வாரத்துக்கு ஒருமுறை தராசில் நின்று படம் அனுப்ப வேண்டும். வீட்டுக்கு ஒரு தராசு வந்தது. பழைய சில்லோடு விடியற்காலையில் நிலாவெளி வீதியில் மிதிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது வாரம் ஸ்டெல்லா அக்கா அண்ணனின் ஃபோனோடு என் அலுவலகத்துக்குள் நுழைந்தா. முகத்தில் இடி.

"தம்பி, இதை எனக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். "அன்புள்ள திரு கிராம், சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன், மெல்லிய உடையில் படம் அனுப்பவும். ஆவலுடன் காத்திருக்கிறேன். லூசி."

"ஆர் இந்த லூசி? மெல்லிய உடுப்பெண்டால் என்ன கதை இது?"

நான் சில்லின் சரித்திரத்தை ஆதியிலிருந்து சொன்னேன். மீன் சந்தை வந்த இடத்தில் அக்கா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டா. முடிந்ததும் ஒரு பெருமூச்சு.

"பத்து வருசமா கிளினிக்கில டொக்டர் சொல்லுறார், இரத்தத்தில சீனி கூடுது, உடம்பைக் குறையுங்கோ எண்டு. நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு. கோயில்ல பாதரும் சொன்னவர். கேக்கேல்லை. சில்லு விக்கிற பெட்டை சொன்னாத்தான் கேப்பாராமோ?"

"அப்பிடித்தான் போல அக்கா."

"அந்தப் பெட்டையின்ர நம்பரை என்ர ஃபோனிலயும் போட்டுத் தாங்கோ."

அதற்குப் பிறகு அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் லூசிக்கு எழுதியது எதுவும் கிராம் அண்ணனுக்குத் தெரியாது. ஒரு புதன்கிழமை வியர்த்துப்போய் வந்தார். "தம்பி, சீனாக்காரருக்கு எல்லாம் தெரியுது! 'செவ்வாய்க்கிழமை நாலு பராட்டா சாப்பிட்டீர்களா' எண்டு கேக்கிறாள். கடையில நானும் கோழிக்குழம்பும்தான் இருந்தனாங்கள்!"

"மேல சுத்துற செய்மதியாலை பாப்பாங்களோ என்னவோ" என்றேன். அன்றிலிருந்து வெளியில் சாப்பிடும்போது கூரை உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அப்படியும் தகவல் போய்க்கொண்டே இருந்தது. பராட்டாக் கடைக்காரரின் மகள் ஸ்டெல்லா அக்காவிடம் தையல் படிக்கிறாள் என்பதை யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வாரம் ஒரேயடியாக மூன்று கிலோ குறைந்திருந்தது. அண்ணன் துள்ளிக் குதித்தார். லூசி மட்டும் துள்ளவில்லை. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கானைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னாள். வைத்தால் தராசு மூன்றரை என்கிறது. பார்த்தால், தராசைப் பாயின் மேல் வைத்திருக்கிறார். தரையில் வைத்ததும் பிழை சரியானது, கிலோவும் திரும்பி வந்தது. ஒரு நாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தார். அடுத்த நாள் என்னிடம் சொன்னார். "சரியான ஆள் தம்பி. இவவிட்ட நம்பி வாங்கலாம்."

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை, எண்பத்தைந்துக்குச் சரியாக நூறு கிராம் கீழே வந்தார். அதே வாரத்தில் கிளினிக்கிலும் சீனி குறைந்துவிட்டது என்றார்கள். ஸ்டெல்லா அக்கா லூசிக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினா. லூசி சில்லைப் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

பெட்டியை எடுக்க அண்ணனும் நானும் கொழும்புக்குப் போனோம். சுங்க அதிகாரி ஒரு கையால் பெட்டியைத் தூக்கினார், குலுக்கினார், மறுபடியும் தூக்கினார். "ஐயா, இது சும்மா பெட்டி போல. உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்றார் கவலையோடு.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சேர், இன்னொருக்கா சொல்லுங்கோ."

சில்லைப் பூட்டியது சைக்கிள் கடை நௌபர் நானா, கிண்ணியாக்காரர். முதலில் தராசு. லூசி சொன்னதைவிடப் பன்னிரண்டு கிராம் குறைவு. "எனக்காகக் குறைச்சிருக்கிறாள்" என்றார் அண்ணன். நானா சில்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். வந்து பார்த்து, "கிராம், நான் குடிச்சி முடிச்சிட்டன், இது இன்னம் சுத்திட்டு இரிக்கி" என்றார்.

முதல் ஓட்டம் இறக்கக்கண்டிப் பாலம்வரை. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால். உப்புவெளி தாண்டியதும் மனிதர் பறந்தார். உண்மையாகவே பறந்தார். நாய்கள்கூடக் குரைக்க நேரமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றன. பாலத்துக்குக் கிட்டப் போகும்போது கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து ஒரு வீச்சு. அண்ணனும் சைக்கிளும் வீதியிலிருந்து அப்படியே கடற்பக்கம் நகர்ந்து, மணலுக்குள் இறங்கி, அங்கே காயவைத்திருந்த வலைக்குள் புகுந்து நின்றார்கள்.

மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் அவரை உரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கையில் இரத்தம்.

"அண்ணன், எங்க நோகுது?"

"சில்லைப் பாருங்கோ தம்பி! சில்லு!"

மீனவர்களில் ஒருவர் சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "சில்லுக்கு ஒண்டுமில்லை ஐயா. இதைக் கல்லுக் கட்டித்தான் ஓட வேணும்" என்றார்.

அன்று பின்னேரம் லூசிக்கு எழுதினோம். மிகவும் வருந்துவதாகவும், பக்கக் காற்றில் ஓட்டுபவர் கொஞ்சம் பாரமானவராக இருந்தால் வண்டி அசையாது என்றும் பதில் வந்தது.

கிராம் அண்ணன் அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். "அப்ப அந்த ஒன்பது கிலோவும் சும்மா குறைச்சனானோ?"

காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்தா. "இஞ்சாருங்கோ, அந்த ஒன்பது கிலோ இந்த வீட்டுக்குள்ள வந்தால் நீங்கள் வெளியில."

இப்போது கச்சான் காலத்தில் அவர் காற்று எழும்புமுன் விடியலிலேயே போய்த் திரும்பிவிடுகிறார். தனியாக அல்ல. கழற்றிய பழைய சில்லை நௌபர் நானா ஒரு பழைய உடம்பில் பூட்டி எனக்குத் தந்திருக்கிறார், அண்ணனின் கட்டளைப்படி. "உங்கட பாரம் எவ்வளவு?" என்று என்னை மீன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனதையும், ஏலத்தில் நான் என்ன விலை போனேன் என்பதையும் இங்கே எழுதுவதாக இல்லை.

சனிக்கிழமைகளில் நிலாவெளி வீதியில் இருவரும் ஓடுகிறோம். அவர் நினைத்தால் நான் உப்புவெளி தாண்டுமுன் பாலத்தடியில் நிற்கலாம். நிற்பதில்லை. நான் மூச்சு வாங்கிப் பின்தங்கும்போதெல்லாம் முன்னால் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்கும். பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும், "பிரேக் சரியாப் பிடிக்குதோ எண்டு பாத்தனான் தம்பி" என்பார், என் முகத்தைப் பாராமல்.

அந்தப் பிரேக் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் பிடிக்கிறது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.