ஆர்த்தியின் மீனும் நான் படித்த எண்பத்தோரு புத்தகங்களும்

ஒரே கோடை விடுமுறையில் எண்பத்தோரு குழந்தைப் புத்தகங்கள் படித்தவள் நான். அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. பல் விழுந்த சுண்டெலி, குளிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பன்றி, இருட்டுக்குப் பயப்படும் ஆந்தை என்று ஒன்றையும் விடவில்லை. ஆசைப்பட்டுப் படித்திருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. என் எட்டு வயது மகளின் பெயரில், அவளுக்குப் பதிலாகப் படித்தேன். வெளியே சொல்ல இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சருக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். என் கணவர் செந்தில் காலையில் ரயிலைப் பிடித்து நியூயார்க்கில் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. கரூரிலிருந்து எம்.எஸ்ஸி. கணிதமும், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ரேங்க்கும் வாங்கிக்கொண்டு வந்தவள், இங்கே துவைத்த சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன். (ரேங்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகவே இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஓ, நைஸ்" என்றார்கள்.)

எனக்கிருந்த ஒரே போக்கிடம் நடந்து போகும் தூரத்தில் இருந்த லைப்ரரி. அங்கே குழந்தைகள் பிரிவை ஹெலன் என்ற அம்மாள் பார்த்துக்கொண்டார். அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவர் ஒரு சுவர் முழுக்க நீலக் காகிதம் ஒட்டி, இதுதான் கடல் என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய ஒரு காகித மீன். ஒரு புத்தகம் படித்தால் மீன் ஒரு கோடு மேலே ஏறும். வீட்டில் ஒரு அட்டையில் புத்தகத்தின் பெயரையும், அதில் பிடித்தது என்ன என்று ஒரு வரியும் எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஏரிக்கரைப் பூங்காவில் பிக்னிக். அதிகம் படித்த குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி மைக்கில் பேசுவார்கள்.

இது போட்டி இல்லை, சந்தோஷத்துக்காக மட்டும்தான் என்று ஹெலன் தெளிவாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். சுவரில் கோடு போட்டு, எண் எழுதி, பக்கத்தில் பெயரும் எழுதிவிட்டுப் போட்டி இல்லை என்றால் அதை நம்புவதற்கு நான் கரூரில் படித்திருக்கக் கூடாது.

ஆர்த்தி ஆரம்பத்தில் ஆசையாகத்தான் படித்தாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே படிப்பாள். பாட்டு வகுப்புக்குப் போகும் தவளையின் கதையை மட்டும் நான்கு தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு தடவை படித்தாலும் மீன் ஒரு கோடுதான் ஏறும் என்பது எனக்கு உறுத்தியது. அப்போதுதான் வசந்தி அக்காவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். மகள் சௌம்யா ஆர்த்தியின் வகுப்பு.

"மாலு, லைப்ரரி பக்கம் போயிருந்தேன். உங்க ஆர்த்தி மீனு எங்கன்னு தேடித் தேடிப் பாத்தேன். கீழயே கெடக்குது, பாவம். புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கா அக்கா. சௌம்யா எத்தன?"

"முப்பத்தஞ்சுங்கறாங்க. நான் எங்க கண்டேன்? அவளே படிக்கறா, அவளே எழுதிக்கறா."

போனை வைத்தபோது என் காது சூடாக இருந்தது. ஆர்த்தி அன்று பதினொன்று.

மறுநாளே முறைப்படி இறங்கினேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயர், கதாபாத்திரங்கள், கதைச் சுருக்கம், நீதி என்று குறிப்பு எழுதினேன். காலையில் இரண்டு புத்தகம், மதியம் இரண்டு என்று திட்டம்; நடந்தது என்னவோ வாரத்துக்கு மூன்று நான்குதான். படித்ததும் என் முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். பல் விழுந்த சுண்டெலிக்கு "உடல்நலம் பேண வேண்டும்" என்று நீதி எழுதினேன். குளிக்காத பன்றிக்கும் அதையே எழுதினேன்.

"அம்மா, ஒய் டு ஐ ஹாவ் டு சே இட்?" என்று கேட்டாள் ஆர்த்தி.

"சொன்னாத்தான் மனசுல நிக்கும், கண்ணு."

இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்குள் வாரப் பத்திரிகையை வைத்துத் தொடர்கதை படித்து, அப்பாவிடம் முதுகில் வாங்கியவள். அடி வாங்கின அன்றைக்கே அடுத்த வாரத்து அத்தியாயத்துக்குத் தவித்தவள். அதெல்லாம் எனக்கு அந்தக் கோடையில் ஞாபகமே வரவில்லை. வந்திருந்தால் நோட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன்.

சனி, ஞாயிறுகளில் செந்தில் எங்காவது கூட்டிக்கொண்டு போவார். பாவம், வாரம் முழுக்க ரயிலிலும் ஆபீஸிலும் கிடக்கும் மனுஷனுக்கு அது ஒன்றுதான் சந்தோஷம். நான் புளிச்சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் பத்துப் புத்தகம் அடுக்குவேன். மிருகக்காட்சிச் சாலையில் ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் பெஞ்சில் உட்கார வைத்து, ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிய புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். (நிஜ ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.) கடற்கரைக்குப் போகும் வழியில் காரில் புத்தகத்தை விரித்தவள், கர்ப்பமான கங்காருவின் மேல் வாந்தி எடுத்தாள். செந்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, குழந்தையின் முகத்தைக் கழுவினார். நான் புத்தகத்தைத் துடைத்தேன்.

"ஏம்மா, இன்னைக்கு ஒருநா புள்ள தண்ணில ஆடட்டுமே. விட்டுரு" என்றார்.

"சும்மா இருங்க நீங்க. சௌம்யா அறுபத்திரெண்டு."

"யாரு சௌம்யா?" என்று கேட்டார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஆர்த்தி மந்தமாகிவிட்டாள். ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். பிக்னிக்குக்கு இருபது நாள்தான் இருந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு மதியம் நானே புத்தகத்தை வாங்கிப் படித்தேன், குறிப்பு எழுதினேன், அதை அவளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டாள். அட, இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு புத்தகம் என்னிடம், குறிப்பு அவளிடம். மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், பாடத்தைச் சுருக்கிக் கொடுப்பது குற்றமா என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்தும் என்னுடையதுதானே. மீன் ஜிவ்வென்று ஏறியது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் புத்தகங்கள் பிடித்துப்போய்விட்டன. சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டே படித்தேன்.

பிக்னிக் அன்று ஆர்த்தியின் மீன் நூற்று நான்கில் இருந்தது. சௌம்யா தொண்ணூற்று எட்டு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். (ஏரிக்கரைக்கு. ஆகஸ்ட் வெயிலில். மற்றவர்கள் எல்லாம் அரை டிரவுசரில் இருந்தார்கள்.)

ஹெலன் அந்த நீலக் காகிதக் கடலை அப்படியே ஒரு பெரிய பலகையில் குத்தி மரத்தடிக்குக் கொண்டுவந்திருந்தார். அறுபது, எழுபது பேர் புல்லில் உட்கார்ந்திருந்தோம். முதலில் பேசிய பையன் தன் புத்தகத்தில் வரும் நாய் செத்துப்போனதைச் சொல்லும்போதே அழுதுவிட்டான். சௌம்யா பேச வேண்டியதைப் பாதியில் மறந்துவிட்டுச் சிரித்தாள், எல்லோரும் கூடச் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இவர்களுக்குப் பயிற்சி போதாது.

ஆர்த்தி எழுந்து போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். முகவாயைத் தூக்கினாள். நான் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நின்றது போலவே நின்றாள்.

"மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, நடுவர்களே, என் அருமை நண்பர்களே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே தலைவரும் இல்லை, நடுவரும் இல்லை. ஐஸ் பெட்டிதான் இருந்தது.

கதை ஒரு வாத்தைப் பற்றியது. குளிர்காலத்தில் கூட்டத்தோடு தெற்கே பறக்காமல், துணி துவைக்கும் கடை ஒன்றில் ஒளிந்துகொள்ளும் வாத்து. ஆர்த்தி ஆசிரியர் பெயர், கதாபாத்திரங்கள், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "ஆகவே, பெரியவர்கள் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்பதே இக்கதையின் நீதி" என்று முடித்து வணக்கம் வைத்தாள். நான் கை தட்டினேன். நான் மட்டும்தான் முதலில் தட்டினேன்.

முன்வரிசையில் நான்கு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கியது. "வாத்து ஏன் போக மாட்டேன்னு சொல்லுச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டது.

 குறிப்பில் அது இல்லை. ஆர்த்தி மறுபடி முதலிலிருந்து, "மரியாதைக்குரிய" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன பிடித்ததோ தெரியவில்லை. பட்டுப்புடவையோடு முட்டியை ஊன்றி எழுந்து, அத்தனை பேருக்கும் நடுவில் தமிழில் கத்தினேன்.

"அதுக்குப் பறக்கப் பயம்னு சொல்லு கண்ணு! போன வருஷம் புயல்ல மாட்டிக்கிச்சுல்ல! நாலாம் பக்கம்!"

ஆர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் புரியும்படி சொன்னாள்.

"ஐ டோன்ட் நோ. ஐ டிட்ன்ட் ரீட் இட். மை மாம் டிட்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அவள் அதோடு நிற்கவில்லை. நேராகப் பலகைக்குப் போய், நுனிக்காலில் எம்பித் தன் மீனைப் பிடுங்கினாள். விரல் விட்டு எண்ணினாள். மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டு படித்தது, காரில் வாந்தி எடுத்தது என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருப்பாள். குனிந்து, இருபத்து மூன்றில் மீனைக் குத்திவிட்டு வந்து அவள் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் பக்கம் வரவில்லை.  அந்த நிமிஷம் எனக்கு ரேங்க்கும் வேண்டாம், மீனும் வேண்டாம், அவள் திரும்பி என்னைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

ஹெலன்தான் நல்ல மனசோடு என்னைக் காப்பாற்றப் பார்த்தார். காப்பாற்றியதில் மானம் முழுசாகப் போனது. அங்கேயே ஒரு ஆரஞ்சுக் காகிதத்தை வெட்டி, "மாலதி" என்று என் பெயரை எழுதி, "நீங்க படிச்சதும் படிச்சதுதானே" என்று எண்பத்தொன்றில் குத்தினார். பள்ளிக்கூடம் திறக்கும் வரை அந்த மீன் லைப்ரரிச் சுவரில், சௌம்யாவுக்குக் கொஞ்சம் கீழே தொங்கியது. வசந்தி அக்கா போன் பண்ணி, "பரவால்ல மாலு, செகண்டு வந்துட்டீங்க" என்றார்.

திரும்பி வரும்போது காரில் நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செந்தில் நிலைமையை லேசாக்க நினைத்து, "சரி, அந்த வாத்து கடைசில என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். கடைக்காரம்மா துண்டில் கூடு கட்டிக் கொடுப்பது, வசந்தத்தில் கூட்டம் திரும்பி வருவது என்று என்னை அறியாமல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் ஆர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

நோட்டைக் கிழித்துப் போட்டேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "இட்ஸ் ஓகே, அம்மா" என்றாள். அதற்குப் பிறகு லைப்ரரிக்கு வருவாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், மீன் தொட்டியைப் பார்ப்பாள். புத்தகம் மட்டும் எடுக்க மாட்டாள். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவள் டெக்ஸாஸில் இருக்கிறாள். பாலம் கட்டுகிற இன்ஜினியர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒரு விஷயத்தை நீட்டி முழக்கினால், ஆர்த்தி எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மரியாதைக்குரிய தலைவர் அவர்களே" என்பாள். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். "வாத்து ஏன் போகலை?" என்று செந்தில் கேட்பார். "நாலாம் பக்கம்!" என்று எல்லோருமாகக் கத்துவார்கள். நானும் சிரிப்பேன். அதில் நடிப்பு இல்லை, சிரிப்பு வரத்தான் செய்கிறது.

போன வருஷம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அழகான புத்தக அலமாரி. தட்டுத் தட்டாகச் செடிகள் வைத்திருந்தாள். மாப்பிள்ளை வெளியே போயிருந்தபோது, காபி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏங் கண்ணு, நீ கதைப் புத்தகமே தொடறதில்லயே. அது அம்மாவாலதானா?"

"சே சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. டைம் கெடைக்கறதில்ல, அவ்வளவுதான்" என்றாள்.

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மூச்சு விடாமல், ஒரு சொல் தடுக்காமல் வந்தது. அப்படிச் சொல்லப் பழக்கியவள் நான். எனக்குத் தெரியாதா?