வெந்நீர்க் கடன்

"பேங்க் ஆபீசர் வியாழக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாராம்ங்க" என்றாள் உமாராணி.

தேராவில், தான் செக்யூரிட்டியாக வேலை பார்க்கும் ஷாப்பிங் சென்டரின் முதல் வாசலுக்குப் பக்கத்தில், ஒரு கையில் டீயும் மறு கையில் செல்போனுமாக நின்றிருந்தார் வைரவன். வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எதுக்கு?" என்றார் ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"பத்து மணிக்கு வந்து சோலார் ஹீட்டரு, மாடியில பதிச்ச வெள்ளை ஓடு, புது ஜன்னல் எல்லாம் பாக்கணுமாம். கூடவே உங்களையும் பாக்கணுமாம்."

"நான் துபாயில்ல இருக்கேன்!"

"அதைத்தாங்க நானும் யோசிச்சேன்."

வைரவன் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பனியில் நின்றிருக்கிறார், வெள்ளத்தில் படகு தள்ளியிருக்கிறார். அப்போதெல்லாம் அடிக்காத படபடப்பு இப்போது அடித்தது. காரணம் அந்தக் கடன்.

சிங்கம்புணரியில் அவர் வீட்டைக் கட்டியது முன்னாள் ராணுவத்தினருக்கான வீட்டுக் கடனில். அதே கடனின் மேல், கரண்ட் செலவைக் குறைக்கிற வேலைகளுக்கு இன்னும் கொஞ்சம் சல்லிசான வட்டிக்குத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையும் வாங்கினார். வெயிலில் வெந்நீர் வைக்கும் சோலார் ஹீட்டர், சூட்டை உள்ளே விடாத ஓடு, காற்றோட்டமான ஜன்னல். எல்லாம் நல்லதுதான். நிபந்தனை ஒன்றுதான் கெட்டது. கடன் வாங்கிய முன்னாள் ராணுவத்தார் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். இல்லையென்று தெரிந்தால் சலுகை போகும். முழுக் கடனையும் ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். அதற்கு வீட்டைத்தான் விற்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட அன்று ஆபீசர் அனந்தகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வெளிநாடு கிளிநாடு போற எண்ணம் எதுவும் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டார். வைரவனும் மூன்று தடவை இல்லை என்றார். அப்போது அது உண்மைதான். விசா வந்தது அதற்கு அடுத்த மாதம்.

"ஒண்ணு செய்" என்றார் வைரவன். "எனக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லிரு. அம்மை போட்ட வீட்டுக்குள்ள எவன் வருவான்?"

உமாராணிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆபீசரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மறுநாள் வைரவனுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவர் காலிங் கார்டு போட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

"கத்துறாருங்க அந்த மனுசன். 'அம்மை கிம்மையெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்க வீட்டுக்காரர் நல்ல உடம்போட மாடியில நின்னே ஆகணும்'ங்கிறாரு."

"அம்மை போடுறதுக்கு பேங்க்ல அனுமதி வாங்கணுமா?"

"அது மட்டுமில்லீங்க. நான் போன்ல பேசினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுப்போச்சு. தெருவே வந்துருச்சு. வாசல் பூரா வேப்பிலை. நாலு வீட்டுக் கூழு வந்திருக்கு. நீங்க எப்ப லீவுல வந்தீங்க, சொல்லவே இல்லையேன்னு ஆளாளுக்கு என்னைத் திட்டுறாங்க."

"உள்ள எட்டிப் பாத்தாங்களா?"

"பாக்க வந்தாங்க. அதான் என் தம்பியைப் போர்வை போட்டுப் படுக்க வச்சிட்டேன்."

வைரவன் கண்ணை மூடிக்கொண்டார். மைத்துனன் ஜெயசீலன் ஒடிசலான ஆள். இவரோ நிலைக்கதவு மாதிரி இருப்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு வழி இருந்தது. ஆபீசர் வைரவனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அம்மை வந்தவன் இளைத்துத்தானே போவான்?

"அப்ப புதன்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்திரு. வியாழக்கிழமை அவனையே நானுன்னு மாடியில நிறுத்திரு. மீசை மட்டும் கொஞ்சம் மையால தடிப்பா வரைஞ்சு விடு. சல்யூட் அடிக்கக் கத்துக் குடு."

"எந்தக் கையிலங்க?"

"வலது கையில!"

புதன்கிழமை வந்த செய்தி இன்னும் மோசம். தெருப் பெண்களே முன்வந்து வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சோலார் குழாயில் வரும் தண்ணீர் அவ்வளவு கொதிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீர் விளாவாமல் ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்துவிட்டார்கள். ஜெயசீலன் போர்வையை உதறி எறிந்துவிட்டு வாசல்வரை ஓடியிருக்கிறான். மை மீசை தாடைக்கு வழிந்திருக்கிறது.

"தெருவுக்கே தெரிஞ்சுபோச்சுங்க. யாரும் கோவப்படல. ஆனா நாளைக்கு ஆபீசர் வரும்போது என்ன நடக்குதுன்னு பாக்க எல்லாரும் வர்றாங்களாம். எதிர்வீட்டுல நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டுட்டாங்க."

வியாழக்கிழமை வைரவன் வாசலில் நின்றார், நின்றார் என்றுதான் பெயர். ஷாப்பிங் திருவிழாக் கூட்டம் அலைமோதியது. ஊரில் மணி பன்னிரண்டாகிவிட்டது. "இன்னும் வரலீங்க. ஜெயசீலன் மாடியில வெயில்ல நிக்கிறான். இறங்கவும் மாட்டேங்கிறான், பயத்துல விறைச்சுப் போயிட்டான்" என்று உமாராணி சொல்லிவிட்டு வைத்த அந்த நிமிடத்தில், கண்ணாடிக் கதவு திறந்தது.

பூப்போட்ட சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டி, அதற்கு மேலாக அந்த மனிதர் இடமும் வலமும் பார்த்தார்.

அனந்தகிருஷ்ணன்.

வைரவன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ஆக, அம்மைக் கதையை அவர் நம்பவே இல்லை. வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி எல்லோரையும் அங்கே நிறுத்தி வைத்துவிட்டு, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க விமானம் ஏறி வந்துவிட்டார்! ஒரு சோலார் ஹீட்டருக்கு இவ்வளவா?

வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் செய்கு அலாவுதீனின் குரல் கரகரத்தது. "மிலிட்டரி, கேட்டைப் பாக்காம சுவத்துல என்ன பாக்குறே?"

"வயித்து வலி சார். கொஞ்ச நேரம் மூணாம் வாசலுக்குப் போயிடவா?"

"போ. அங்க நிக்கிற கதீரை இங்க அனுப்பு. யல்லா, சீக்கிரம்!"

மூன்றாவது வாசலுக்குப் போய் மூச்சு விடுவதற்குள் அதே பூப்போட்ட சட்டை அங்கேயும் வந்தது. வைரவன் இரண்டாவது வாசலுக்கு ஓடினார். அது அங்கேயும் வந்தது. எந்த வாசலிலும் நிற்காமல், யாரையோ தேடுவது போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு தூண் தூணாக நகர்ந்தது.

விசாரணை மேஜையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து மகேசன் அவரைத் தேடி ஓடி வந்தான். விஷயம் முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணை, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னட்ட வந்து, சிங்கம்புணரிப் பக்கத்து ஆக்கள் ஆராவது இஞ்ச வேலை செய்யினமோ எண்டு கேக்கிறார்."

வைரவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்னே?"

"எனக்குத் தெரியாது, விசாரிச்சுச் சொல்லுறன் எண்டனான். வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு உங்கட பக்கமாத்தான் வாறார்."

"என்னை எங்கயாவது ஒளிச்சு வைடா தம்பி!"

மகேசன் சுற்றுமுற்றும் பார்த்தான். குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ள வைத்திருந்த ஒட்டக வேஷம், அதை மாட்டுகிற ஆள் சாப்பிடப் போயிருந்ததால், தூணுக்குப் பின்னால் வெறுமனே கிடந்தது. அடுத்த நிமிடம் வைரவன் அதற்குள் இருந்தார். உள்ளே இருட்டு, புழுக்கம், யாரோ ஒருவருடைய பழைய வியர்வை. வாய்ப் பக்கத்து வலை வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பரவாயில்லை, இங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்று நினைத்தபோது கொஞ்சம் அழுகைகூட வந்தது.

"ஐய்யோ, ஒட்டகம்! ஏங்க, வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றது ஒரு பெண் குரல். பட்டுப்புடவை.

"போட்டோவெல்லாம் வேண்டாம், நான் சொல்றதைக் கேளு" என்று கெஞ்சியது பழகிய குரல்.

"துபாய் வரைக்கும் வந்துட்டு ஒட்டகத்தோட நிக்காமப் போறதா?"

வைரவன் ஓரமாக நழுவப் பார்த்தார். அதற்குள் செய்கு அலாவுதீன் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "கஸ்டமர் கேக்குறாங்க இல்ல? போய் நில்லு. தோள்ல கையைப் போடு. ஜல்தி!"

ஒட்டகம் போய் நின்றது. வலது முன்னங்காலைத் தூக்கி ஆபீசரின் தோளில் போட்டது. இருவருமே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் ஏன் நடுங்குகிறார் என்று யோசிக்கிற நிலையில் வைரவன் இல்லை. அந்த அம்மாள் மகேசனிடம் கேமராவைக் கொடுத்துவிட்டுத் தானும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒட்டகத்தின் வயிற்றுக்குள் செல்போன் அடித்தது.

அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் வைரவன் உறைக்குள்ளிருந்து கையை மெல்ல உருவி, சட்டைப் பையைத் துழாவினார். ஆபீசரின் தோளில் கிடந்த ஒட்டகக் கால் எலும்பில்லாமல் தொங்கியது.

"ஏங்க! ஒட்டகத்துக்குக் கை செத்துப்போச்சு!" என்று அந்த அம்மாள் அலறினாள்.

"ஏங்க" என்று போனிலும் அதே நேரம் அலறினாள் உமாராணி, "ஜெயசீலன் வெயில்ல மயங்கி விழுந்துட்டான். தெருவுல எல்லாரும் ஆபீசர் எங்கன்னு கேக்குறாங்க!"

"வைடி போனை! அந்தாள் இங்கதான் என் பக்கத்துல நிக்கிறான்!" என்றது ஒட்டகம், நல்ல சிங்கம்புணரித் தமிழில்.

ஆபீசர் அனந்தகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பி, இரண்டு கையாலும் ஒட்டகத்தின் தலையைப் பிடித்துத் தூக்கினார். வேர்த்து விறுவிறுத்த வைரவனின் முகம் வெளியே வந்தது.

பதினேழு வருடப் பழக்கத்தில் வைரவனின் கை தானாகச் சல்யூட் அடித்தது. "சார், தப்புதான் சார். சம்பாதிச்சுக் கடனை அடைக்கத்தான் வந்தேன். வீட்டை மட்டும் எடுத்துறாதீங்க சார். ஹீட்டரு, ஓடு, ஜன்னலு எல்லாம் சொன்னபடி போட்டிருக்கேன். சத்தியமா வெந்நி கொதிக்குது சார், என் மச்சினனே சாட்சி. நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்கன்னா..."

ஆபீசருக்கு முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. வைரவனைவிட அதிகமாக வியர்த்திருந்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ஒட்டகத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்தபடி, வைரவனின் காதோரம் குனிந்தார்.

"மெதுவாப் பேசுய்யா. இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு நான் உங்க வீட்டுக்கு வந்து, மாடியில உங்களை நேர்ல பாத்து, நீங்க குடுத்த மோரையும் குடிச்சிட்டுப் போனதா, திங்கட்கிழமையே எழுதிக் குடுத்துட்டுத்தான் நான் ஃபிளைட் ஏறினேன்!"