உப்புப் பார்க்க ஓர் ஆள்

நோன்பே வைக்காமல் ஓர் ஊரின் நோன்பைக் காப்பாற்றிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஜெகதாப்பட்டினத்து 'உப்பு' அண்ணன். ஐஸ் கம்பெனியில் வேலை, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறவர். வீட்டில் வைத்த பெயர் அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும்.

நோன்புக் கஞ்சி காய்ச்சும் எங்களில் யாரும் அதை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. அதனால் ரம்ஜான் மாதம் முழுக்க, மாலையில் அண்ணன் பள்ளிவாசல் அடுப்படிக்கு வந்துவிடுவார். வாய் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி குடிப்பார். அது சூடு பார்க்க. அடுத்தது உப்புப் பார்க்க. மூன்றாவது சந்தேகத்துக்கு. அந்தச் சந்தேகம் சில நாள் அரை அண்டா வரைக்கும் போகும்.

"பத்தலைங்க பாய். இன்னும் ஒரு சிட்டிகை."

கடலையே கரைத்து ஊற்றியிருந்தாலும் இதைத்தான் சொல்வார்.

போன ரம்ஜானுக்கு முன்பு எங்கள் ஜமாத் தலைவருக்குத் திடீரென்று மார்க்கப்பற்று பொங்கியது.

"வெளியாளுக்கு அடுப்படிக்குள்ள என்ன வேலை?" என்றார்.

இமாம் பொறுமையாகக் கேட்டார்: "இத்தன வருசமா அவரு கஞ்சி குடிச்சு நம்ம ஈமான் எங்கிட்டுக் கொறஞ்சு போச்சு? எதுலயும் வரம்பு மீறாதீங்கன்னுதான நம்ம மார்க்கமே சொல்லுது?"

கமிட்டியில் எல்லோரும் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நானும்தான். அண்ணனுக்கு, வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

முதல் நோன்பு. சமையல்காரர் உப்புப் போட்டார். நம்பிக்கையில்லாமல் தலைவர் யாருக்கும் தெரியாமல் ஒரு கை போட்டார். நானும் ஒரு கை. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை என்பது பாங்கு சொன்ன பிறகு, முதல் மடக்கில் தெரிந்தது. பள்ளிவாசலே குழாயடிக்கு ஓடியது. தூக்குவாளியில் வாங்கிப்போன அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஒருவர் விடாமல் துப்பிக்கொண்டிருந்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தொழுகை முடிந்ததும், "வாங்க, அவரப் பாத்துட்டு வருவோம்" என்று இமாம் கிளம்பினார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனோம். ஐஸ் கம்பெனி வாசலில் அண்ணன் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஒடம்புக்கு முடியலையாண்ணே?" என்றேன்.

"அதெல்லாம் இல்லங்க. காலையில இருந்து சாப்புடல. கஞ்சி பாக்குற மாசத்துல அதுக்கு முன்னாடி எதையும் வாயில வைக்க மாட்டேன். நாக்கு சுத்தமா இருக்கணும்ல? எப்படியும் கூப்புடுவீங்கன்னு பாத்தேன்."

அரை அண்டாவுக்கான காரணம் அப்போதுதான் புரிந்தது. அவரைப் பெருந்தீனிக்காரர் என்று கேலி செய்தவன் நான், வெட்கத்தில் கூசிப்போனேன். தலைவர், "நாளைக்கு வந்துருங்கண்ணே" என்றார்.

இந்த வருடமும் வருகிறார். கஞ்சி உவர்த்தால் உவர்க்கட்டும். அந்தப் "பத்தலைங்க" காதில் விழாமல் எனக்கு நோன்பு திறக்க மனம் வருவதில்லை.