இருபது நிமிடப் பொய்

கடிகாரத்தை இருபது நிமிடம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டபோது, மணிக்கூண்டுக்காரர் காது கேளாதவர் மாதிரி எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் பினாலே நடந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கலைக் கண்காட்சி. பழைய நீதிமன்றத்தில் உடைந்த கண்ணாடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய சிறையில் நாள் முழுக்க யாரோ இருமுகிற சத்தம். அதெல்லாம் பார்ப்பவர்கள் தலையெழுத்து என்று இவர் விட்டுவிட்டார். இப்போது வினை நூற்றுப்பன்னிரண்டு படியும் ஏறி அவரிடமே வந்து நின்றது.

"மூணு மாசம் அப்படியே இருக்கணும். அதுதான் என் படைப்பு," என்றாள் கலைக்காரப் பெண்.

"அது படைப்பு இல்லம்மா. பொய்."

அவள் மகிழ்ந்துபோய் அதையும் குறித்துக்கொண்டாள். கூட வந்த கண்காட்சி அதிகாரிக்கு அவ்வளவு ரசனை இல்லை. மூன்று மாதத்துக்குள் முள்ளில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க இறங்கிப் போனார். ஓய்வுபெற இன்னும் எட்டே மாதம்.

முப்பத்தொரு வருடமாக அந்தக் கடிகாரத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவர் அவர். காலையில் மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்து மணிக்கூண்டைத் திருத்துவார். மாலையில் மணிக்கூண்டைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்துவார். இரண்டு சாட்சி இருந்தால் தப்பு நடக்காது என்பது அவர் கட்சி. செல்போன் காட்டும் மணி தப்பென்று அதையும் அவரே மாற்றி வைத்திருந்தார். இந்த ஊரில் நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. பஸ், வங்கி, சம்பந்தி வீட்டார் எல்லோருமே தாமதம்.

முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டு, ஊர் அல்லோலகல்லோலப்படும் என்று காத்திருந்தார். ஒரு வாரம் போயிற்று. ஒருத்தர்கூட வந்து சண்டை போடவில்லை. அதுதான் அவரை அரித்தது.

"யாரும் கேக்கலைன்னா நல்லதுதானே. பேசாம இருங்க," என்றாள் மனைவி.

"ஊரே ஏமாந்துக்கிட்டிருக்கு. எப்படிப் பேசாம இருக்கறது?"

மறுநாள் மணிக்கூண்டு வாசலில் ஒரு பலகை வைத்தார். 'இந்தக் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியது. நம்ப வேண்டாம்.' அதைப் படித்துவிட்டு அலறியடித்து ஓடிய ஒருவர், வராத பஸ்ஸுக்காக வெயிலில் காய்ந்து, திரும்பி வந்து இவரைத் திட்டினார். கலைக்காரப் பெண்ணோ பலகையைப் பார்த்துப் பூரித்து, அதற்குச் சட்டம் போட்டு விளக்கும் மாட்டிவிட்டாள்.

இனி எழுத்து உதவாது என்று, கைக்கடிகாரத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று போவோர் வருவோருக்கெல்லாம் மணி சொன்னார். பத்தாவது நாள் காலை ஒரு கல்யாண ஜோடி, பதிவு அலுவலகத்துக்குச் சாவகாசமாக நடந்து வந்தது. மாப்பிள்ளை செல்போனை எடுக்கப் போனார்.

"அதை நம்பாதீங்க தம்பி. மணி பத்தடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஓடுங்க."

ஓடினார்கள். ஐந்து நிமிடத்தில், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி மணப்பெண் திரும்பி வந்தாள்.

"கதவே திறக்கலை ஐயா. பத்து மணிக்குத்தான் திறப்பாங்களாம்."

எட்டிப் பார்த்தார். எதிரே வங்கியும் சாத்தியிருந்தது. அவருக்குப் பகீர் என்றது. அரசாங்க அலுவலகம், வங்கி, பஸ் எல்லாமே மணிக்கூண்டை நம்பிப் பின்னால் போய்விட்டன. அதுவும் தன் கையால். இத்தனை வருடம் சோறு போட்ட ஊருக்கு இப்படி ஒரு துரோகமா?

வேலை போனால் போகட்டும் என்று மேலே ஏறினார். முள்ளைப் பிடித்து இருபது நிமிடம் முன்னால் தள்ளினார். இறங்கி வரும்போது முழங்கால்கூட வலிக்கவில்லை.

கீழே அதிகாரி நின்றிருந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"போறேன் சார். ஊருக்குச் சரியான நேரத்தைக் குடுத்துட்டேன். அது போதும்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சாவியை நீட்டினார்.

சத்தம் கேட்டு, எதிர் சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்னண்ணே, முப்பது வருஷத்துல இந்தப் பத்து நாள்தான் அது சரியா ஓடிச்சு. அதையும் கெடுத்துட்டீங்களே."