வரப்பில் எண்ணிய பதின்மூன்று

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை தமிழ்க்குமரன் அவர்களுக்கு, பண்டசோழநல்லூரிலிருந்து மாமனார் உலகநாதன் எழுதுவது. இங்கு நானும் நெற்பயிரும் சாயாமல் நிற்கிறோம். அங்கு நீங்களும் அர்ச்சனாவும் சுகமாயிருக்க அம்மன் துணை.

போனில் சொன்னால் அர்ச்சனா பிடுங்கிக்கொள்வாள் என்பதால் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். "இன்னொரு வாட்டி விழுந்தீங்கன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடணும்" என்று சொல்லிப் போயிருக்கிறாள். உங்கள் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே நான் என்னத்தைப் பார்ப்பேன், காக்காயின் முதுகையா?

அதனால்தான் ஆஸ்பத்திரி பிசியோதெரபி பெண் ஆரோக்கியசெல்வி சொன்ன பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்கிறேன். ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நிற்கணும், அப்புறம் ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் இருபது அடி நடக்கணும், வாய்விட்டு எண்ணணும். சுவரோரமாகச் செய்யச் சொன்னாள்தான், ஆனால் நேர்கோடு என்றால் நமக்கு வரப்புதானே மாப்பிள்ளை? முந்தாநாள் அப்படி நடக்கையில் பன்னிரண்டாவது அடியில் என் சித்தப்பா மகன் குமரவேல், இதே வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாக என்னோடு பேசாத முரட்டுப் பயல், மண்வெட்டியோடு ஓடிவந்தான். "இன்னாண்ணே, அடி போட்டு அளக்கிறியா?" எண்ணிக்கை விட்டால் முதலிலிருந்து நடக்கணுமே, நான் "பதிமூணு" என்றேன். "இன்னாது, எங்கப்பன் நெலத்துல பதிமூணு அடியா?" என்று குதிக்கிறான். "பேலன்ஸுக்குடா!" என்றேன். "பேலன்ஸ் வேற எடுப்பியா?" என்கிறான். வேறு வழியில்லாமல் ஒற்றைக்காலில் நின்று காட்டினேன். "ப்பூ, இதுக்கா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் காலைத் தூக்கினான். மூணு எண்ணுவதற்குள் சேற்றில் தொபுக்கடீர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் தம்பியாச்சே, மனசு கேட்குமா? கை கொடுத்தேன்.

ஆகவே விழுந்தது அவன், நான் இல்லை. இதை அர்ச்சனாவிடம் அழுத்திச் சொல்லவும். கால் வழுக்காத நல்வாழ்வு உங்கள் இருவருக்கும் அமைய ஆசீர்வதிக்கும்,
உலகநாதன்

பின்குறிப்பு: மாப்ளே, நான் குமரவேல். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதனது நான்தான், முரட்டுப் பயல்னு சொன்னதயும் விடாம எழுதிட்டேன். அண்ணன் குடுத்த கையப் புடிச்சி இழுத்ததுல அவரும் சேத்துல விழுந்துட்டாரு. வலது கையில மாவுக்கட்டு. சோறு நம்ம வூட்டுலதான், ரெண்டு பேரு வயலயும் நான் பாத்துக்கறேன். தப்பு என்னுது மாப்ளே. அண்ணன இட்டுக்கினு போயிடாதீங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்.