கூப்பிடு தூரத்து மாமியார்

என் ஸ்கூட்டர் கண்ணை மூடியது. மெக்கானிக் அதைச் சுற்றி வந்து, "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் சார் போடணும்" என்றார். துக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. ஸ்கூட்டர் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு இல்லை. மதியத் தூக்கம் உண்டு!

மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஓய்வு பள்ளிக்கூடத்துக்குத்தான், எனக்கில்லை. போய் உட்கார்ந்ததுமே, "மாப்பிள்ளை, முதுகை நிமித்தி உக்காருங்க" என்பார்.

இந்த வாராந்தர யாத்திரையும் என் வாயால் வந்த வினைதான். போன வருடம் என் மனைவி, "அம்மா தனியா இருக்காங்க. எனக்கு மனசே கேக்கல. நம்மகூட வந்து இருக்கட்டுமே" என்று ஆரம்பித்தாள். பதறிப்போய், "கூப்பிடு தூரத்துலதானே இருக்காங்க! வாரா வாரம் நாமளே போய்ப் பாத்துட்டு வந்தா போச்சு" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

இப்போது ஸ்கூட்டர் போய்விட்டது. ஆனால் மனைவியோ, "பஸ்ஸா இல்ல, ரயிலா இல்ல?" என்கிறாள். எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஓடினேன்.

"கவலையே படாதீங்க சார். பஸ், ரயில், ஆட்டோ, வாடகை சைக்கிள் எல்லாம் இப்ப ஒரே ஆப்ல வந்துடுது. நாலு ஆப் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்து நல்லதா ஒண்ணை வச்சுக்குங்க."

"எது நல்லது?"

"நீங்க எதுக்குப் போறீங்கங்கிறதைப் பொறுத்தது."

"போகாம இருக்கிறதுக்கு."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார்.

நாலையும் இறக்கினேன். முதல் ஆப் வாய் கூசாமல், 'ஒரே பஸ், அரை மணி நேரம்' என்றது. துரோகி! ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து அழித்துவிட்டேன். இரண்டாவது, 'உங்கள் விருப்பம் என்ன? குறைந்த நடையா, குறைந்த செலவா, குறைந்த மாற்றமா?' என்றது. என் விருப்பத்தை ஒருவர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! நெகிழ்ந்துபோய் மூன்றையும் அழுத்தினேன். அது சுற்ற ஆரம்பித்தது. எனக்கும் சுற்றியது. கடைசியில் ஊரையே சுற்றிக்கொண்டு போகும் ஒரு வழியைக் காட்டியது. மூன்றாவது, கிழக்கே இருக்கும் வீட்டுக்கு மேற்கே போய் ரயில் ஏறச் சொன்னது. நான்காவது, ரயிலில் இருந்து சைக்கிளுக்கு மாறி, சைக்கிளை ஒரு பாலத்தடியில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, மீதியை நடக்கச் சொன்னது. செயலி என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் செயலிழந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆதாரம் வேண்டுமே என்று சனிக்கிழமை நான்காவது ஆப்பை நம்பிச் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் திரை அணைந்தது. பதற்றத்தில் எதையோ அழுத்தினேன். 'வீடு' என்று வந்தது. வீடுதானே, அத்தை வீடாகத்தான் இருக்கும் என்று அது சொன்ன பஸ்ஸில் ஏறினேன், சொன்ன இடத்தில் இறங்கினேன், சொன்ன சந்தில் நடந்தேன். 'இலக்கை அடைந்துவிட்டீர்கள், வாழ்த்துகள்!' என்றது. நிமிர்ந்து பார்த்தால் கொடியில் என் சட்டை தொங்குகிறது. என் வீட்டுக் கொல்லைப்புறம்!

மனைவி கையில் ஈரத்துணியோடு நின்றாள். "எங்க போயிட்டு வர்றீங்க?"

"உங்க அம்மா வீட்டுக்கு."

"போயாச்சா?"

"போகவே முடியல! இந்தா பாரு, அவ்வளவு தூரம். பாதி நாள் போக, பாதி நாள் வர." மிச்சமிருந்த மூன்று ஆப்பையும் காட்டினேன்.

அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நிஜமாவே இவ்வளவு தூரமாங்க?"

"மூணு ஆப் சேர்ந்து பொய் சொல்லுமா?"

"கூப்பிடு தூரம்னு சொன்னீங்களே?"

"அப்ப எனக்கு விவரம் பத்தல."

"அண்ணன் கேட்டா நான் என்ன சொல்றது? நீங்களே குடும்ப குரூப்ல போட்டுடுங்க. நீங்க எழுதுனா ஒரு தனி மரியாதை."

புகழ்ச்சிக்கு மயங்காத புருஷன் உண்டா? மூன்று ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து, 'அத்தை வீடு மிகத் தொலைவில் உள்ளது. வாராவாரம் சென்று வருவது இயலாத காரியம்' என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்நெஞ்சக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, 'இந்த வயதில் அவர் இவ்வளவு தூரத்தில் தனியாக இருப்பதுதான் என் மனதை அரிக்கிறது' என்றும் சேர்த்தேன். கட்டைவிரல்களும் கும்பிடுகளும் குவிந்தன. மச்சான், 'மாப்பிள்ளைன்னா இவர்தான்' என்று எழுதியிருந்தார். அர்த்தம் புரியவில்லை. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு மதியம். சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் அழைப்பு மணி.

வாசலில் அத்தை. இரண்டு பெட்டி, ஒரு தலையணை, ஒரு மேஜை விளக்கு.

"உங்க மனசு இவ்வளவு அரிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே மாப்பிள்ளை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டை வாடகைக்கு விட்டுடறேன்."

எனக்குத் தலை கால் புரியவில்லை. "இவ்வளவு சாமானோட... அவ்வளவு தூரம்... எப்படி வந்தீங்க அத்தை?"

"எங்க தெருமுனையில ஏறினேன், உங்க தெருமுனையில இறங்கினேன். அரை மணி. போன மாசமே இவ என் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தாளே!"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அரை மணிதான்னா..." என்று பாய்ந்தேன். "பக்கம்தானே! அத்தை அவங்க வீட்டுலயே நிம்மதியா..."

"அப்ப மூணு ஆப்பும் பொய்யா? குரூப்ல போட்டுடட்டுமாங்க?"

மிச்சமிருந்த பெட்டியை நானே தூக்கி உள்ளே வைத்தேன். அத்தை என் சோபாவில் உட்கார்ந்தார். முதுகு கோல் போல நேராக இருந்தது. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"ஏண்டி, பயணம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குது. எத்தனை நட்சத்திரம் போட?"

"அஞ்சு போடும்மா" என்றாள் என் மனைவி, உள்ளே இருந்து. "அதுல உன் மாப்பிள்ளை பேர்ல விழுந்திருக்கிறது ஒண்ணுதான்."